ஒரு பாயிண்ட்

பாயிண்ட்காரர் மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்துவிட்டால், பட்டறையில் இருமல் வந்தவன்கூட வெளியே போய் இருமிவிட்டு வருவான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கு ஒன்று இருந்தது. அது அடையாள அட்டையோடு சரி. ஒரு மில்லிமீட்டரை நூறு கூறு போட்டால், அதில் ஒரு கூறுக்கு அந்தப் பட்டறையில் பாயிண்ட் என்று பெயர். தலைமுடி ஒன்றை நீளவாக்கில் ஏழாகக் கிழிக்க முடிந்தால், கிழித்ததில் ஒன்று ஏறக்குறைய ஒரு பாயிண்ட் இருக்கும். "ஒரு பாயிண்ட் குறையுது", "ஒரு பாயிண்ட் கூடுது" என்று இருபத்தாறு வருஷமாகச் சொல்லிச் சொல்லி, அந்தச் சொல்லே அவர்மேல் ஒட்டிக்கொண்டது.

பழைய இன்ஜின்களைப் பிரித்துச் சீராக்கும் பட்டறை அது. லாரி, படகு, ஜெனரேட்டர் என்று எதன் இன்ஜின் வந்தாலும், அதற்குள் இருக்கும் கிராங்க் முதலில் அவர் மேசைக்குத்தான் போகும். பிஸ்டன்கள் மிதிக்கிற மிதியை வாங்கிச் சுழல்கிற கனத்த தண்டு அது. அதில் பேரிங் பிடித்துக்கொள்கிற வழவழப்பான இடங்கள்தான் ஜர்னல். ஓடி ஓடி ஜர்னல் தேயும். தேய்மானத்துக்கும் ஓரவஞ்சனை உண்டு. மிதி விழுகிற பக்கம் கூடுதலாகத் தேயும், மற்ற பக்கம் அவ்வளவாகத் தேயாது. வட்டமாக இருந்தது நாளடைவில் முட்டையாகிவிடும். அதனால் பாயிண்ட்காரர் ஒரு ஜர்னலை நான்கு முறை அளப்பார். முன் ஓரத்தில் இரண்டு, பின் ஓரத்தில் இரண்டு, ஒன்றுக்கொன்று குறுக்காக. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அதை அவரைப் பார்த்துத்தான் சொன்னார்களோ என்னவோ. அளந்து முடித்ததும் சீட்டு எழுதி கிராங்கின் கழுத்தில் கட்டுவார். லேசான தேய்மானம் என்றால் 'பாலிஷ்'. அதற்கு மேல் என்றால் 'கிரைண்டிங்', எந்த அளவுக்குத் தேய்க்க வேண்டும் என்ற எண்ணோடு. எல்லையைத் தாண்டிவிட்டால் 'கழிவு', அவ்வளவுதான்.

சூடு பட்ட இரும்பு பெருக்கும் என்பது அவருக்கு வேதம். வெந்நீர்த் தொட்டியில் கழுவி வந்த கிராங்கை அன்றைக்கே தொடமாட்டார். "ஒரு நாள் கிடக்கட்டும். காய்ச்சல்காரனை நிக்க வெச்சு யாராவது உயரம் பாப்பாங்களா?" என்பார். அளவறையில் ஏசி இருபது டிகிரியில் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே இரண்டு பேருக்கு மேல் நின்றால், மூச்சுக்காற்றில் அறை சூடேறுகிறது என்று விரட்டுவார்.

பொருளை வாய்க்குள் கவ்வித் திருகி அளக்கிற அந்த மைக்ரோமீட்டர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு, எழுபத்தைந்து மில்லிமீட்டர் நீளத்தில் ஓர் எஃகுத் துண்டு உண்டு. செட்டிங் ராடு என்பார்கள். காலையில் வந்ததும் அதை மைக்ரோமீட்டரின் வாய்க்குள் கொடுத்து, கோடு கோட்டோடு நிற்கிறதா என்று பார்த்து, நிற்காவிட்டால் திருகி நிறுத்திய பிறகுதான் வேலை தொடங்கும். ராடின் நடுவில் பிளாஸ்டிக் உறை இருக்கும். அதைப் பிடித்துத்தான் தூக்குவார். எஃகில் விரல் பட்டால் விரலின் சூடு ஏறிவிடுமாம். ஒரு நாள் ஃபிட்டர் ஒருவன் அவசரத்துக்கு அந்த ராடை எடுத்து ஒரு பின்னைத் தட்டி இறக்கப் போனான். பாயிண்ட்காரர் பாய்ந்து பிடுங்கிக்கொண்டார். அன்றோடு ராடு மேசையில் இருப்பது நின்றது. அவருடைய சட்டைப்பையில், பேனா குத்துகிற இடத்துக்குக் குடிபோனது. வீட்டுக்கும் அதோடு போவார், காலையில் அதோடு வருவார். நகையைக்கூட இப்படிக் காப்பாற்ற மாட்டார்கள் என்று பட்டறையில் சிரித்தார்கள்.

கிரைண்டிங் மெஷினில் நிற்பவர் மாப்பிள்ளை. பட்டறைக்கே மாப்பிள்ளை இல்லை. பாயிண்ட்காரரின் தங்கை புருஷன். முதலில் இருவரும் கூட்டாளிகள், ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். அந்தக் கூட்டு முற்றித்தான் தங்கையைக் கட்டிக்கொடுத்தார். ஃபிட்டர் சங்கதி நடந்து ஒரு மாதம் இருக்கும். மாப்பிள்ளை தேய்த்து அனுப்பிய ஒரு கிராங்க் கடைசி அளவுக்காக மேசைக்கு வந்தது. மாப்பிள்ளைக்கு ஒரு பழக்கம் உண்டு. இந்த அளவிலிருந்து இந்த அளவுக்குள் இருக்கலாம் என்றால், கீழ்க்கோட்டில் கொண்டுபோய் நிறுத்துவார், எண்ணெய்க்குக் கொஞ்சம் இடம் கிடைக்கட்டும் என்று. பாயிண்ட்காரர் அளந்துவிட்டு, எல்லோரும் சுற்றி நிற்கும்போதே சொன்னார்:

"ஒரு பாயிண்ட் கூடத் தேச்சுட்ட மாப்ளே. கோட்டுக்கு வெளிய போயிடுச்சு."

"இல்ல மச்சான். நான் அளந்து பாத்துத்தான் நிறுத்தினேன். உங்க அளவுலதான் ஏதோ இருக்கு."

"என் அளவுலயா? இருபத்திரண்டு வருஷமா அளக்கறேன் நான். என் அளவு தப்புன்னு எவனாவது காட்டட்டும், அந்த நிமிஷமே மைக்ரோமீட்டரைக் கீழ வெச்சுட்டுப் போயிடறேன்!"

"அப்படின்னா சரி. இனிமே நான் வாயே திறக்கல" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை மெஷினுக்குப் போனார்.

சொன்னபடியே திறக்கவில்லை. நான்கு வருஷம். அதற்குப் பிறகும் இரண்டு மாதம் மாப்பிள்ளையின் கிராங்க் ஒரு பாயிண்ட் குறைவாக வந்தது. சீட்டில் எழுதித் திருப்பி அனுப்பினார். மூன்றாவது மாதத்திலிருந்து எல்லாம் சரியாக வரத் தொடங்கியது. ஆள் வழிக்கு வந்துவிட்டான் என்று பாயிண்ட்காரர் நினைத்துக்கொண்டார். ஆனாலும் பேச்சு திரும்பவில்லை. பட்டறையில் இருவருக்கும் நடுவே நடந்ததெல்லாம் கிராங்கின் கழுத்தில் தொங்கிய சீட்டு வழியாகத்தான்.

வீட்டில் அந்தச் சீட்டும் இல்லை. தங்கை வீட்டு மாடியறையில்தான் பாயிண்ட்காரர் குடியிருந்தார். கல்யாணம் என்று ஒன்றை அவர் செய்துகொள்ளவில்லை. சாப்பாடு கீழே, ஒரே மேசையில். "உங்கண்ணன்கிட்ட சொல்லு, மாடியில குழாய் சொட்டுது" என்பார் மாப்பிள்ளை, அண்ணன் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. "சொட்டுறது தெரியும்னு சொல்லும்மா" என்பார் அண்ணன். தங்கை ஒரு நாள் கரண்டியைப் போட்டுவிட்டு, "நான் என்ன உங்களுக்குத் தபால் பெட்டியா? ஆளுக்கொரு வாய் இருக்குல்ல!" என்று கத்தினாள். கத்தி முடித்துவிட்டு அழுதாள். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையோடு பேசாமல் இருப்பது பாயிண்ட்காரருக்கு வலித்தது. பட்டறையில் ஏதாவது வேடிக்கை நடந்தால், முதலில் அவனிடம் சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் தப்பு செய்தவன் அல்லவா முதலில் பேச வேண்டும்?

இந்த நிலைமையில்தான் படகுக்காரம்மாவின் கிராங்க் வந்தது. ஆற்றைக் கடத்திவிடும் படகு ஒன்றுக்குச் சொந்தக்காரி அந்த அம்மாள். ஐம்பது வயது இருக்கும். வெயிலில் கறுத்த, பிறத்தியார் சொல்லை அவ்வளவு லேசில் நம்பாத முகம். கிராங்க் பழையது, எத்தனை முறை தேய்க்கலாமோ அத்தனை முறையும் தேய்த்தாகிவிட்டது, இனித் தேய்க்க இடமில்லை. புதியது கப்பலில் வர ஆறு மாதம் ஆகும்.

"அதுவரைக்கும் ஓடினா போதும். அக்கரையில இருந்து ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களுக்கு வேற வழியில்ல" என்றாள்.

"ஓடுமா ஓடாதான்னு கிராங்க்தான்மா சொல்லணும். நான் கேட்டு எழுதறவன்" என்றார் பாயிண்ட்காரர்.

எழுபத்தெட்டு மில்லிமீட்டரும் தொண்ணூற்று நான்கு பாயிண்டும். அதற்குக் கீழே ஒரு ஜர்னல் போனாலும் அந்தக் கிராங்க் கழிவு. முதல் இரண்டும் தப்பித்தன. மூன்றாவது ஜர்னலில், மிதி விழுகிற பக்கம், தொண்ணூற்று மூன்று காட்டியது. துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். தொண்ணூற்று மூன்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அளந்தார். அதே தொண்ணூற்று மூன்று.

"ஒரு பாயிண்ட் குறையுதும்மா."

"ஒரு பாயிண்ட்னா எவ்வளவு?"

அவர் தலைமுடிக் கணக்கைச் சொன்னார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "ஒரு மயிரை ஏழா கிழிச்சா அதுல ஒண்ணு. அதுக்கா என் படகு கரையில நிக்கணும்?"

"இன்னிக்கு ஒரு பாயிண்டை விட்டா நாளைக்கு ரெண்டு விடச் சொல்லும். நடு ஆத்துல பேரிங் பிடிச்சுக்கிட்டா நீங்கதான் என்னைத் திட்டுவீங்க." கொஞ்சம் இறங்கி வந்து, "கழிக்கிறதுன்னா ரெண்டு நாள் அளக்கறது என் வழக்கம். காலையில இன்னொரு தரம் பாத்துட்டு எழுதறேன். மத்தியானம் வாங்க" என்றார். காலையில் பார்ப்பது சம்பிரதாயத்துக்குத்தான் என்று அவர் முகமே சொன்னது.

மறுநாள் பட்டறை வாசலில் சட்டைப்பையைத் தொட்டவர் அப்படியே நின்றார். பை வெறுமையாக இருந்தது. சட்டையைத் துவைக்க எடுத்த தங்கை, ராடை எடுத்து அலமாரியில் வைத்திருக்கிறாள். இவரும் வேறு சட்டையை மாட்டிக்கொண்டு பறந்து வந்துவிட்டார். போனில் தங்கையைப் பிடித்தார்.

"இங்கதாண்ணா இருக்கு, ஏன் உயிரை விடறீங்க? அவர் பத்து மணிக்குத்தானே வருவாரு, அவர்கிட்டயே குடுத்து விடறேன்."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? "எஃகுல கை வைக்க வேணாம்னு சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

பத்து மணிக்கு மாப்பிள்ளை வந்தபோது அளவறையில் ஆள் இல்லை. புது லேத் வாங்குவது பற்றி யோசனை கேட்க முதலாளி பாயிண்ட்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார். முதலாளி பேசத் தொடங்கினால் மணிக்கணக்கு. மாப்பிள்ளை கைக்குட்டையில் சுற்றியிருந்த ராடை எடுத்து, கிரானைட் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். பேச்சுவார்த்தை இருந்திருந்தால் முதலாளி அறைக்கே போய்க் கையில் கொடுத்திருப்பார். கையில் வாங்கியிருந்தால் அது நேரே சட்டைப்பைக்குள் போயிருக்கும். நான்கு வருஷச் சண்டையால் நடந்த ஒரே நல்ல காரியம் இது.

ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பிய பாயிண்ட்காரர், ராடை மைக்ரோமீட்டருக்குள் கொடுத்துப் பார்த்தார். கோடு ஒரு பாயிண்ட் தள்ளி நின்றது. யாரோ மைக்ரோமீட்டரில் கை வைத்திருக்கிறார்கள் என்று கோபம் வந்தது. திருகிச் சரிசெய்தார். ராடைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, படகுக் கிராங்கின் மூன்றாவது ஜர்னலுக்குப் போனார். தொண்ணூற்று நான்கு. இன்னொரு முறை. தொண்ணூற்று நான்கு. எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறது, தாண்டவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக வளர்வதற்கு கிராங்க் என்ன புடலங்காயா?

குழம்பிப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தார். எழுதுவதற்கு முன்னால் எதற்கும் இருக்கட்டும் என்று, பையிலிருந்து ராடை எடுத்து மறுபடி மைக்ரோமீட்டரைச் சோதித்தார். சற்றுமுன் அவரே நிறுத்திய கோடு ஒரு பாயிண்ட் விலகியிருந்தது, இந்த முறை எதிர்ப்பக்கம். அறையில் அவரைத் தவிர யாரும் இல்லை. குற்றம் சொல்லவும் ஆள் இல்லை. ராடைப் பிளாஸ்டிக் உறையில் பிடித்தபடி நின்றிருந்தவர், இருபத்தாறு வருஷத்தில் செய்யாத ஒன்றைச் செய்தார். எஃகைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். இளஞ்சூடாக இருந்தது.

அவருடைய உடம்புச் சூடுதான். விரல் நுனி படக்கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்த ராடை, நெஞ்சில் வைத்து அடைகாத்திருக்கிறார். தினமும் காலையில் சூட்டில் ஒரு பாயிண்ட் நீண்ட ராடை வைத்து மைக்ரோமீட்டரை நிறுத்தினால், அன்றைக்கு அளப்பதெல்லாம் ஒரு பாயிண்ட் குறைவாகத்தான் காட்டும். ஊரார் கிராங்குக்கெல்லாம் காய்ச்சல் பார்த்தவருக்கு, தன் சட்டைப்பையில் கிடந்த காய்ச்சல் தெரியவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான். நம்ப மனமில்லாமல் ராடைக் கிரானைட் மேசையில் ஒரு மணி நேரம் கிடத்திவிட்டுப் பார்த்தார். கோடு கோட்டோடு வந்து நின்றது.

அளவுப் பதிவேட்டை எடுத்தார். ஃபிட்டர் ராடை எடுத்த மாதத்திலிருந்து புரட்டினார். சரியாக ஒரு பாயிண்டுக்காகக் கழித்தவை மட்டும் பதினொன்று. பதினொன்றையும் ஒரு தாளில் எழுதினார். அவையெல்லாம் என்றைக்கோ உலைக்குப் போய் உருகியிருக்கும். அதற்குமேல் இன்னொன்றும் உறைத்தது. நான்கு வருஷமாகத் தன் அளவு ஒரு பாயிண்ட் குறைவு என்றால், மாப்பிள்ளையின் கிராங்க் மூன்றாவது மாதத்திலிருந்து எப்படிச் சரியாக வந்தது? கடைசி அளவுக்காக மேசையில் காத்திருந்த, மாப்பிள்ளை தேய்த்த இரண்டு கிராங்குகளை அளந்தார். இரண்டிலும் எல்லா ஜர்னலும் கீழ்க்கோட்டுக்கு ஒரு பாயிண்ட் மேலே நின்றது. ஒன்றில்கூடப் பிசகில்லை. எல்லைக்குள்தான் இருக்கிறது, எந்த இன்ஜினுக்கும் கெடுதல் இல்லை. ஆனால் அது மாப்பிள்ளையின் பழக்கம் இல்லை. அவன் அளந்து, அறிந்து, விட்டுவைத்த பாயிண்ட் அது.

பேசாமல் இருந்துவிடலாம் என்றும் ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. நாளையிலிருந்து ராடை மேசையில் வைத்துவிட்டால் தீர்ந்தது. விஷயம் அவருக்கும் ராடுக்கும் மட்டும்தான் தெரியும். ராடு வாய் திறக்காது. மாப்பிள்ளையோ திறப்பதில்லை என்று முன்பே சொல்லியாகிவிட்டது. இல்லாவிட்டால் எல்லோர் முன்னாலும் சொன்ன சொல்லுக்கு, இந்த வயதில் மைக்ரோமீட்டரைக் கீழே வைத்துவிட்டு எங்கே போவது? அளப்பதைத் தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது. தாளை நான்காக மடித்து, ராடு இருந்த சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அதற்குள் படகுக்காரம்மா வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தாள். அவர் 'பாலிஷ்' என்று எழுதிய சீட்டைக் கட்டி, "எல்லையிலதான் நிக்குது. ஆறு மாசத்துக்கு மேல ஒரு நாள்கூட ஓட்டாதீங்க. எண்ணெய் அழுத்தத்தைத் தினமும் பாருங்க" என்றார்.

"நேத்து குறைஞ்ச அந்த ஒரு பாயிண்ட் இன்னிக்கு எங்கிருந்து வந்துச்சு?"

"என்கிட்டதாம்மா இருந்துச்சு" என்றார். சொன்ன பிறகு, சொல்வது அவ்வளவு கஷ்டமில்லை என்று தெரிந்தது.

மைக்ரோமீட்டரைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு கிரைண்டிங் மெஷினுக்குப் போனார். கல் சுற்றிக்கொண்டிருந்தது, குளிர்நீர் கொட்டிக்கொண்டிருந்தது. "மாப்ளே" என்றார். சத்தத்தில் கேட்கவில்லை. "மாப்ளே!" என்று கத்தினார். பட்டறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளை மெஷினை நிறுத்தினார். கல் சுற்றி ஓயும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ராடைச் சட்டைப்பையில வெச்சிருந்தேன். சூடேறி ஒரு பாயிண்ட் நீண்டிருக்கு. நாலு வருஷமா என் அளவுதான் தப்பு." எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். தாளை எடுத்து நீட்டினார். "பதினோரு கிராங்கை அநியாயமா கழிச்சிருக்கேன்."

மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கிப் படித்தார். "சட்டைப்பையா? ஏன்னு எனக்குத் தெரியாது மச்சான். ஒரு பாயிண்ட்னு மட்டும் தெரியும்."

"தெரிஞ்சுதான் ஒவ்வொரு கிராங்க்லயும் ஒரு பாயிண்ட் விட்டியா?"

"ஆமா."

"அப்புறம் ஏன்டா சொல்லல?"

"சொன்னா மைக்ரோமீட்டரைக் கீழ வெச்சுட்டுப் போயிடறேன்னு சொன்னீங்களே. நீங்க சொன்னா செஞ்சுடற ஆளு. உங்களை வெளிய அனுப்பிட்டு, உங்க தங்கச்சி முகத்தைப் பாத்து நான் எப்படிச் சாப்பிடறது? அதான் வாயைத் திறக்கலன்னு அன்னிக்கே சொன்னேன்."

சொன்ன சொல் சொன்னதுதான். பாயிண்ட்காரர் பெட்டியைத் திறந்து, மைக்ரோமீட்டரை எடுத்து, கிரைண்டிங் மெஷினின் மேடைமேல் வைத்தார்.

மாப்பிள்ளை அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மைக்ரோமீட்டரைப் பிளாஸ்டிக் பிடியில் பிடித்து, எஃகில் விரல் படாமல் தூக்கி, பெட்டிக்குள் வைத்து மூடி, அவர் கையில் கொடுத்தார்.

"இங்கெல்லாம் வைக்காதீங்க மச்சான். மெஷின் சூடு ஏறிடும்."